பெங்களூரா லோடும் ஆலை வரிசையும்: ஒரு லாரிச் சேவை பற்றிய இரண்டு பருவ அனுபவம்

கிருஷ்ணகிரியில் சேலம் சாலையை ஒட்டி இயங்கும் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் மாங்காய்ப் போக்குவரத்துச் சேவையை 2024, 2025 ஆகிய இரண்டு பருவங்களிலும் நாங்கள் தொடர்ந்து பயன்படுத்தினோம். நாங்கள் என்றால், காவேரிப்பட்டணத்துக்கும் சந்தூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் தோப்பு வைத்திருக்கும் 11 குடும்பங்கள். தனித்தனியாக வண்டி பிடித்துக் கட்டுப்படியாகாமல், சேர்ந்து லோடு அனுப்பத் தொடங்கியவர்கள். லோடுக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் இந்த மதிப்புரையை நான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. எந்த அலுவலகத்தில் லாரி எடுத்தாலும் வாடகையோடு சேர்த்து வேறு எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தோப்புகளில் முக்கால் பங்கு பெங்களூரா. தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் பிற ஊர்களில் சொல்லப்படும் இந்த ரகம், சேந்தூராவையோ மல்கோவாவையோ போலக் கடைத்தட்டில் விற்பதற்கானது என்பதைவிட, மாம்பழக் கூழ் ஆலைகளை நம்பி வளர்க்கப்படுவது என்றே சொல்லலாம். காய் முற்றியதும் பச்சையாகவே பறிக்கப்பட்டு ஆலைக்குப் போகிறது. அங்கே சில நாள் பழுக்க வைத்த பிறகுதான் கூழாக்கப்படுகிறது. பறித்த பின்னும் மாங்காய் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சில் வெப்பம் உண்டாகும். பழுக்கத் தொடங்கிய ஒரு காய் வெளியிடும் எத்திலீன் வாயு அருகிலுள்ள காய்களையும் பழுக்கத் தூண்டும். லாரியில் வைக்கோல் பரப்பி, காயைக் குவியலாகக் கொட்டி, மேலே தார்ப்பாய் கட்டிய நிலையில் இவை அனைத்தும் இன்னும் வேகமாக நடக்கின்றன. ஆகவே எங்களுக்குப் போக்குவரத்து என்பது தூரத்தை மட்டும் பொறுத்ததாக ஒருபோதும் இருந்ததில்லை.

இந்தச் சேவையை நாடுவதற்கு முன், 2023 பருவத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இதன் மதிப்பு விளங்கும். ஜூன் மாத நடுவில் 9 டன் காயைப் பறித்து, கிடைத்த லாரியில் ஏற்றி, வழக்கமாக வாங்கும் ஓர் ஆலைக்கு அனுப்பினோம். 38 கிலோமீட்டர் தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்த வண்டி, ஆலை வாயிலில் 31 மணி நேரம் நின்றது. எங்களுக்கு முன்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் இருந்தன என்பது எங்கள் ஓட்டுநர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் நாள் மாலை மழை பிடித்ததும் தார்ப்பாயை இறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. அதனால் உள்ளே புழுக்கம் கூடியது. எடைமேடையில் ஏறும்போது அடியில் இருந்த காய் நசுங்கி நீர் வடிந்துகொண்டிருந்தது. கழிவு என்று ஆலை கழித்த எடையும், ஓட்டுநருக்குத் தர வேண்டிய காத்திருப்புப் பணமும் போக எஞ்சிய தொகை, பறிப்புக் கூலியையும் லாரி வாடகையையும் தாண்டவில்லை. பெரியப்பா ஒருவர் அன்று எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது. சாலையிலும் வண்டியிலும் ஓட்டுநரிடத்திலும் ஒரு குறையும் இல்லாமலேயே எங்களுக்கு அந்த இழப்பு வந்தது. வாயிலில் எத்தனை வண்டி நிற்கிறது என்ற ஒரே ஒரு செய்தி, முந்தைய நாள் மாலை எங்களுக்கு வந்து சேரவில்லை.

நான் மதிப்பிடும் இந்தச் சேவை அந்த ஒரே ஒரு செய்தியை மையமாக வைத்து அமைக்கப்பட்டது. பருவம் தொடங்கியதும் அலுவலகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், இருசக்கர வண்டியில் காலை 5 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இரவு 7 மணிக்கும் ஆலை வாயில்களைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு வாயிலிலும் நிற்கும் வண்டிகளை எண்ணி, வரிசையைப் படம் எடுத்து, அன்றைய கொள்முதல் விலையையும் எந்த ரகம் எடுக்கிறார்கள் என்பதையும் வாயிற்காவலரிடமோ எடைமேடையிலோ கேட்டுக் குறித்துக்கொள்கிறார். இரவு 8 மணிக்குள் பதிவு செய்துகொண்ட அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அந்த நிலவரம் எழுத்தாகவும் குரலாகவும் வந்துவிடுகிறது. குரல் செய்தி பெரிய உதவி. எங்கள் குழுவில் எழுத்துப் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்கள் மூவர் இருக்கிறார்கள், அவர்களும் இப்போது யாரையும் கேட்காமல் நிலவரம் அறிகிறார்கள்.

நிலவரத்தைப் பார்த்து நாங்கள் எந்த ஆலை, எந்த நேரம் என்று சொன்னால், அதற்கேற்ற வண்டியை அலுவலகம் ஒதுக்குகிறது. வண்டி உறுதியான பிறகே பறிப்பாட்களுக்குச் சொல்கிறோம். முன்பு பறித்தோம், பிறகு வண்டி தேடினோம், பிறகு ஆலை தேடினோம். இப்போது அந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. மரத்தில் இருக்கும் முற்றிய காய்க்கு இரண்டு நாள் பொறுக்கும் வலிமை உண்டு, குவியலாக லாரியில் கிடக்கும் காய்க்கு அது கிடையாது. 2024 பருவத்தில் இப்படி அனுப்பிய 23 லோடுகளில், 10 மணி நேரத்துக்கு மேல் வாயிலில் நின்றவை நான்கு மட்டுமே. அந்த நான்கிலும் இரண்டு, செய்தியை மீறி நாங்களே அவசரப்பட்டு அனுப்பியவை.

வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோப்புக்குள் செல்லும் மண்பாதைகளில் பெரிய லாரி திரும்ப முடியாது என்பதால், குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றித் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து மறுபடி லாரிக்கு மாற்றுவதே இங்கே பழக்கம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் காம்பு முறிந்து பால் வடிகிறது. பால் பட்ட இடத்தில் தோல் கருகுகிறது. அலுவலகத்தின் மேலாளர் முதல் பருவத்திலேயே எங்கள் 11 தோப்புகளையும் நேரில் வந்து பார்த்து, ஐந்து தோப்புகளுக்கு ஈச்சர் என்னும் நடுத்தர லாரி நேரே உள்ளே வர முடியும் என்று குறித்துக்கொண்டு போனார். பாதை அகலம் பற்றிய அந்தச் சிறு குறிப்பால், அந்த ஐந்து தோப்புக் காய்களும் ஒரு முறை குறைவாகக் கொட்டப்பட்டன. விலை கொடுத்து வாங்கும் கருவி எதுவும் இல்லாமல் நடந்த இந்த முன்னேற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எடையில் வரும் பிணக்குக்கும் ஒரு தீர்வு கிடைத்திருக்கிறது. பொது எடைமேடையில் வண்டி எடையும் சரக்கு எடையும் போட்ட சீட்டு, ஆலை எடைமேடைச் சீட்டு ஆகிய இரண்டையும் ஓட்டுநர் படம் எடுத்து அனுப்புகிறார். ஒருமுறை இரண்டுக்கும் 180 கிலோ வேறுபாடு வந்தது. வண்டி வாயிலை விட்டு வெளியேறும் முன்பே கேட்டதால் மறு எடை போடப்பட்டு எங்கள் கணக்குச் சரியானது. மறுநாள் கேட்டிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

கிருஷ்ணகிரி, சாலைகள் கூடும் இடம் என்பது இந்தப் பக்கத்தவர் அனைவரும் அறிந்தது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இவ்வழியாகத்தான் செல்கிறது. டெல்லியிலிருந்து சென்னைக்குப் போகும் 48, பெங்களூரு முதல் இங்கே வரை அதனோடு சேர்ந்தே வந்து பிரிகிறது. திண்டிவனத்துக்கு 77 போகிறது. ஆனால் நகரத்தில் இன்று ரயில் நிலையம் இல்லை. ஆகவே விளையும் எதுவும் டயரின் மேல்தான் ஊரைவிட்டுப் போக வேண்டும். சேலம் பக்கம் போகும் லோடு தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டியிருக்கிறது; அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காமல் கனரக வண்டிகள் மோதிய விபத்துகளைப் பற்றி இங்குள்ள எல்லா ஓட்டுநர்களுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. இந்த அலுவலகம் சேலம் லோடுகளைப் பகலில் கணவாயைக் கடக்கும்படி புறப்பட வைக்கிறது. இந்த இரண்டு பருவங்களிலும் நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றது. பருவ காலத்தில் அதைக் காக்கும் லாரிகள் அரிது. வரிசையில் இரவெல்லாம் விழித்திருந்த ஓட்டுநரை மறுநாள் காலை அடுத்த லோடுக்கு அனுப்புவதில்லை என்று இவர்கள் வைத்திருக்கும் வழக்கத்துக்காகவே கூடுதலாகச் சிறிது கொடுக்கலாம்.

வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை அறிய ஜிபிஎஸ் இணைப்பும் தருகிறார்கள். அதை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, சுங்கச்சாவடியைத் தாண்டியதும் லாரி உரிமையாளரின் கைப்பேசிக்குப் பணம் பிடித்த செய்தி வந்துவிடுகிறது. 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதுவே போதும். ஓடும் வண்டியைப் பற்றிய தகவலுக்கு இன்று பஞ்சமில்லை, நிற்கும் வண்டியைப் பற்றிய தகவல்தான் கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆலையிலிருந்து வெளியேறும் கூழ், 215 கிலோ கொண்ட டிரம்களில் கிருமிநீக்கிய பைக்குள் அடைக்கப்பட்டு, 20 அடிக் கண்டெய்னருக்கு 80 டிரம் என்ற கணக்கில் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது. அந்த வண்டிக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அதற்குக் காலக்கெடு உண்டு. வண்டி எண், சரக்கின் மதிப்பு, வாங்குபவர் யார் என்பதெல்லாம் பதிவாகின்றன. மாங்காய்க்கோ ஜிஎஸ்டி கிடையாது என்பதால் இ-வே பில்லும் தேவையில்லை. விவசாயிக்கு அது ஒரு சலுகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே காரணத்தால், தோப்பிலிருந்து ஆலை வாயில் வரையிலான ஓட்டத்துக்கு எந்த ஏட்டிலும் பதிவு இல்லாமல் போகிறது. இன்று எத்தனை டன் காய் சாலையில் இருக்கிறது, நாளை எத்தனை டன் வரும் என்று ஆலைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கெட்டுப்போகாத கூழுக்குக் கிடைக்கும் கவனிப்பு, மணிக்கு மணி கெடும் காய்க்குக் கிடைப்பதில்லை என்பதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

தெரியாமை அச்சமாக மாறும்போது நிகழ்வதை ஒவ்வொரு பருவத்திலும் கண்டிருக்கிறோம். ஏதோ ஓர் ஆலை இன்னும் மூன்று நாளில் கொள்முதலை நிறுத்தப் போகிறது என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும். உடனே அத்தனை பேரும் பறிப்பார்கள், லாரி வாடகை ஏறும், வரிசை நீளும், நீண்ட வரிசையைப் பார்த்த ஆலை விலையைக் குறைக்கும், விலை குறைந்ததைப் பார்த்து, இன்னும் குறையும் முன் விற்றுவிடலாம் என்று மிச்சம் இருப்பவர்களும் பறிப்பார்கள். அதே ஆலைக்கு இரண்டு வாரம் கழித்துப் போதிய காய் வராது. விநியோகச் சங்கிலியைப் பற்றிப் படித்தவர்கள் இதைச் சாட்டையின் அசைவுக்கு ஒப்பிடுவார்கள்: பிடியில் சிறிதாக அசைந்தால் நுனி பெரிதாகச் சுழலும். அமெரிக்காவின் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயாப்பர் விற்பனையை ஆராய்ந்தபோது, குழந்தைகளின் தேவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க, மொத்த வியாபாரிகளின் ஆர்டர் மட்டும் பெரிதாக ஏறி இறங்கியதைக் கண்டது. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்திருப்பவரின் ஆர்டரை மட்டும் பார்த்து முடிவு செய்ததே காரணம். எங்கள் மாங்காய் வரிசையில் நடப்பதும் அதுவே. வாயிலின் உண்மை நிலவரம் இரவு 8 மணிக்குக் கைக்கு வரத் தொடங்கிய பிறகு, டீக்கடைப் பேச்சைக் கேட்டுப் பறிக்கும் வழக்கம் எங்கள் 11 குடும்பங்களில் ஏறக்குறைய நின்றுவிட்டது.

2025 பருவத்தில் இந்தச் சேவை உண்மையான சோதனைக்கு உள்ளானது. அந்த ஆண்டு பெங்களூரா விலை இங்கேயும் ஆந்திராவின் சித்தூரிலும் கடுமையாகச் சரிந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் சித்தூர் மாவட்ட நிர்வாகம், தன் விவசாயிகளைக் காக்க, பிற மாநிலங்களிலிருந்து தோத்தாபுரி வருவதற்குத் தடை விதித்தது. கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது பெரிதானது. இங்குள்ள காயிலும் ஒரு பகுதி அந்தப் பக்கத்து ஆலைகளை நம்பியிருந்தது. தடைச் செய்தி அலுவலகத்திலிருந்து அன்று மாலையே எங்களுக்கு வந்தது. மறுநாள் விடியலில் புறப்படவிருந்த இரண்டு லோடுகளை நிறுத்திப் பறிப்பைத் தள்ளிவைத்தோம். செய்தி அறியாமல் போன வண்டிகள் எல்லையில் நின்று திரும்பியதாக ஓட்டுநர்கள் சொன்னார்கள். தகவல் எங்களுக்கு நல்ல விலையைத் தரவில்லை; அந்த ஆண்டு யாருக்குமே நல்ல விலை கிடைக்கவில்லை. ஆனால் கெட்ட விலையோடு இரண்டு லாரி வாடகையும் சேர்ந்து போகாமல் காத்தது.

இனி குறைகள். முதலாவதாக, மதியம் 1 மணிக்கு எடுத்த எண்ணிக்கை இரவு 8 மணிக்கே அனுப்பப்படுகிறது. இடைப்பட்ட ஏழு மணி நேரத்தில் 15 வண்டிகள் சேர்ந்துவிடக்கூடும். எடுத்த நேரத்தையாவது செய்தியில் குறிப்பிடுங்கள் என்று கேட்டு, 2025இல் அது நடந்தது. உடனுக்குடன் அனுப்புங்கள் என்ற கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. இரண்டாவதாக, வேப்பனப்பள்ளி போன்ற எல்லையோரப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் தோப்புக்காரர்கள் பலர் இருந்தும் குரல் செய்தி தமிழில் மட்டுமே வருகிறது.

மூன்றாவது குறை பெரியது, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். பதிவு செய்யும்போது எங்களிடம் தோப்பின் பரப்பு, மரங்களின் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் விளைச்சல், காய் எந்த வாரம் முற்றும் என்பதையெல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். வண்டி ஒதுக்க அது தேவைதான். ஆனால் 2025இல் ஒரு மண்டி வியாபாரி எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம், “உங்ககிட்ட இன்னும் 12 டன் மரத்திலேயே நிக்குது, எங்க போயிடப் போறீங்க?” என்று சரியான எண்ணைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டார். அந்த எண் எங்களுக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமே தெரிந்தது. எப்படிப் போயிற்று என்று நேரில் கேட்டதற்கு, ஆலைகளோடும் மண்டிகளோடும் வரத்து மதிப்பீட்டைப் பகிர்ந்துகொள்வது வழக்கம் என்றும், அப்படிப் பகிர்ந்தால்தான் அவர்களும் வரிசை நிலவரத்தைச் சொல்கிறார்கள் என்றும் பதில் வந்தது. அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. கொடுக்காமல் வாங்க முடியாது. ஆனாலும் ஆலை எத்தனை டன் கூழை விற்காமல் இருப்பில் வைத்திருக்கிறது, எந்த விலைக்கு ஒப்பந்தம் பேசியிருக்கிறது என்பது எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. எங்கள் மரத்தில் தொங்கும் காயின் கணக்கு மட்டும் அவர்களுக்குப் போகிறது. ஒருவர் கையில் இருக்கும் சீட்டு மட்டும் திறந்து கிடக்கும்போது அங்கே நடப்பது பேரமாகாது.

ஓட்டுநர்களுக்கும் இதே நிலைதான். அவர்களுடைய இருப்பிடம் நொடிக்கு நொடி எங்களுக்குத் தெரிகிறது. எந்த வாயிலில் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பது அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. இரவு நிலவரச் செய்தியை ஓட்டுநர்களுக்கும் அனுப்புவதில் ஒரு செலவும் இல்லை. அது தெரிந்தால் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார்கள், மாற்று ஆளை ஏற்பாடு செய்துகொள்வார்கள். இதைச் சொன்னபோது மேலாளர் வியப்போடு, இதுவரை யாரும் கேட்கவில்லையே என்றார்.

கட்டணம் வெளி வாடகையைவிட டன்னுக்கு ஏறக்குறைய 60 ரூபாய் கூடுதல். நிலவரச் செய்திக்குத் தனிக் கட்டணம் இல்லை. வாயிலில் 12 மணி நேரத்துக்குமேல் நின்றால் காத்திருப்புப் பணத்தில் பாதியை அலுவலகமே ஏற்கிறது. தன் செய்தி தவறினால் தானும் இழக்கும் வகையில் அமைந்த இந்த ஒப்பந்தம்தான், செய்தியை நம்பலாம் என்ற துணிவை எங்களுக்குத் தந்தது. 2024 கணக்கில் கழிவு குறைந்ததால் மிச்சமான தொகை, கூடுதலாகக் கொடுத்த வாடகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 2025இல் விலையே படுத்துவிட்டதால் அப்படி ஒப்பிட வழியில்லை. ஐந்து தோப்பாவது சேர்ந்து அனுப்புபவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பருவம் முழுவதற்கும் இரண்டே லோடு அனுப்புபவர், நிலவரச் செய்தியை மட்டும் பெற்றுக்கொண்டு உள்ளூர் வண்டியிலேயே அனுப்பலாம். அதற்கும் இவர்கள் மறுப்புச் சொல்வதில்லை.

அடுத்த பருவத்துக்கான பேச்சில், தோப்புவாரியான விளைச்சல் எண்ணை யாருக்கும் தரக்கூடாது, வட்டம் வாரியாகக் கூட்டிய மொத்தத்தை மட்டுமே பகிர வேண்டும் என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறோம். வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பதிவு சித்திரையில் தொடங்கும். கையெழுத்திட்ட தாள் வந்த பிறகே எங்கள் மரக் கணக்கை இம்முறை கொடுப்பது என்று 11 குடும்பங்களும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.